ரெண்டாவது ஆள் வேண்டாம்

சூர்யபிரகாஷ் மவுத்தார்கன் வாசிக்கிற வீடியோவுக்கு எக்கச்சக்கமாய் லைக் விழுந்திருந்தது. அதில் ஒன்று பாண்டியராஜன் போட்டது. போட்டுவிட்டு, போனைக் கல்லாப்பெட்டி மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தான். வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? ப்ளூஸ் பைத்தியம் முதலில் பிடித்தது அவனுக்குத்தான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு அது. மவுத்தார்கனில் அதை வாசிக்க 'பெண்டு' கைவரணும். மூச்சை உள்ளே இழுக்கும்போதே நாக்கைப் பின்னால் தாழ்த்தி, சுரத்தை அப்படியே வழுக்கிக் கீழே இறக்கணும். அதிலும் அந்த மூணாம் ஓட்டை இருக்கிறதே, ஆளின் உயிரை வாங்கிவிடும்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக் கடை வைத்திருக்கிற பாண்டியராஜன், யூடியூபைப் பார்த்துப் பார்த்து வருஷக்கணக்கில் அந்த ஓட்டையோடு மல்லுக்கட்டுகிறான். வீட்டில் மனைவி முனீஸ்வரியோ, "குக்கர் விசிலா, நீங்களா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

சூர்யபிரகாஷ் அவனோடு படித்தவன். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. போன வருஷம்தான் வாசிக்க ஆரம்பித்தான். எந்த மவுத்தார்கன் வாங்கணும் என்று சொன்னதே பாண்டியராஜன்தான். வாங்கிய கொஞ்ச நாளிலேயே பெண்டு பிடித்துவிட்டான் பயல்.

"எப்படி மாப்ள வருது?"

"தெரியல மாப்ள. தானா வருது."

அந்த 'தானா வருது'தான் பாண்டியராஜனைத் தூங்கவிடவில்லை.

இந்த நேரத்தில்தான் கிட்டார் வாசிக்கிற குருபிரசாத் வந்தான். மொட்டைமாடி ஹோட்டல் ஒன்றில் சனிக்கிழமைதோறும் அவன் குழு வாசிக்கிறது. மவுத்தார்கனுக்கு ஓர் ஆள் வேண்டுமாம். ஒரே ஆள்தான்.

நாற்பது வயதில் பாண்டியராஜனுக்கு இருந்த ஆசையே ஒரு மேடைதான். ஒரு தடவை ஏறி வாசித்துவிட்டால் போதும், அதற்கப்புறம் முனீஸ்வரி குக்கரைப் பற்றிப் பேசமாட்டாள்.

குருபிரசாத் இருவரையும் தனித்தனியாய் வரச்சொல்லி, ஒரே மெட்டை வாசிக்கவைத்துப் பதிவு செய்துகொண்டான். பாண்டியராஜனுக்கு வியர்த்துக் கொட்டியது. மூணாம் ஓட்டை வந்ததும் சாமியை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். என்ன வந்தது என்று அவனுக்கே தெரியாது.

இரண்டு நாள் கழித்து குருபிரசாத்திடமிருந்து போன். எங்களுக்குக் கிட்டார்தான் தெரியும், மவுத்தார்கன் நுணுக்கம் உங்களுக்குத்தான் தெரியும் என்றான். இரண்டு பதிவையும் பேர் போடாமல் இரண்டு பேருக்குமே அனுப்புகிறானாம். மைக்கில் போனால் சத்தமே மாறிவிடும், யாருடையது என்று தெரியாது, எது நல்லது என்று நியாயமாகச் சொல்லணுமாம்.

பாண்டியராஜன் முதல் பதிவைப் போட்டுக் கேட்டான். மூணாம் ஓட்டையில் சுரம் சறுக்கி, எண்ணெய் காணாத கதவு மாதிரி கிறீச்சிட்டது. பாண்டியராஜனுக்கு மனசு விட்டுப்போனது. சந்தேகமே இல்லை, நாமேதான்.

இரண்டாவதைப் போட்டான். அதே இடத்தில் சுரம் மெதுவாய் இறங்கி, அழுது ஓய்ந்த பிள்ளை தேம்புகிற மாதிரி நின்றது. அவனுக்கு மேல் சிலிர்த்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. படுபாவி, என்னமாய் வாசிக்கிறான்!

முதலாவதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. கேட்கக் கேட்க, அந்தக் கிறீச்சில்கூட ஒரு சோகம் இருப்பதாய்ப் பட்டது. குருபிரசாத்தைக் கூப்பிட்டான்.

"மொத ஆளுதான் தம்பி. கொஞ்சம் சறுக்குனாலும் உசுரு இருக்கு."

"எங்களுக்கு ரெண்டாவதுதாண்ணே பிடிச்சிருந்துச்சு."

"கிட்டார்காரங்களுக்கு அப்படித்தான் தோணும். ரெண்டாவது ஆள் வேண்டாம். யூடியூபைப் பாத்து ஒப்பிக்கிறான், அம்புட்டுத்தான். மேடையேத்துனா உங்களுக்குத்தான் அசிங்கம்."

குருபிரசாத் நெஜமாத்தான் சொல்றீங்களாண்ணே என்று கேட்டான். பிறகு, சரிண்ணே என்று வைத்துவிட்டான். சனிக்கிழமைக்கு நல்ல சேலையாய் எடுத்து வை என்று முனீஸ்வரியிடம் பாண்டியராஜன் அன்றைக்கே சொல்லிவிட்டான்.

மறுநாள் குருபிரசாத் கடைக்கே வந்தான். பின்னாலேயே சூர்யபிரகாஷும் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. தோற்றவனுக்கு ஆறுதல் சொல்லணுமே என்று பாண்டியராஜன் முகத்தைக் கொஞ்சம் சோகமாய் வைத்துக்கொண்டான்.

"நீங்க அம்புட்டுத் தூரம் சொன்னதால மொத ஆளையே எடுத்துட்டோம்ணே," என்றான் குருபிரசாத்.

"நான் என்ன தம்பி, மனசுல பட்டதைச் சொன்னேன்."

சூர்யபிரகாஷ் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன் மாப்ள இப்படிப் பண்ணுன? அன்னைக்குப் பதட்டத்துல மூணாம் ஓட்டையில நான் சொதப்பிட்டேன். ரெண்டாவது நீதான்னு கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. அவனையே எடுங்கன்னு இவருகிட்ட அடிச்சுச் சொன்னேன். நீ என்னடான்னா எனக்காக விட்டுக்குடுத்துட்டு நிக்குற."

பாண்டியராஜன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். சூர்யபிரகாஷ் விடவில்லை.

"கூட்டாளியை மேடையேத்துறதுக்காகத் தன்னோட வாசிப்பையே அசிங்கம்னு சொன்ன மனுசனை நான் பாத்ததே இல்லண்ணே," என்றான் குருபிரசாத். "சனிக்கிழமை மேடையில மொதல்ல இதைத்தான் சொல்லப் போறேன்."