நாலு பல்

"ஜெயம், கடிச்சிடுச்சு!" செஞ்சி பஜாருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்தார் துரைராஜ். கையில் ரத்தம். முகத்தில் சிரிப்பு.

"ஐயையோ! எந்த நாயி?" மனைவி பதறினாள்.

"மளிகைக்கடை சுந்தரமூர்த்தியோட டைகரு! நாலு பல்லும் எப்படி எறங்கியிருக்குது பாரு!"

"சிரிப்பு வேறயா? தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடணுமே! கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"வேணாம். அதுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டதே நான்தானே!"

ஜெயம் நின்றாள். "தாடையில கான்சர் கட்டின்னு நீங்க ஆபரேஷன் பண்ணீங்களே, அந்த டைகரா? இனிமே எதையும் கடிக்காதுன்னு அவரு அழுதாரே?"

"அதேதான்! ஒரு மாசமா கஞ்சியைப் புனல்லதான் ஊத்துனாங்க. இன்னிக்குத் தையல் பிரிக்கக் கிட்ட போனேன்..."

கால்நடை டாக்டர் காயத்தைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். "மொத கடி எனக்குத்தான்!"