ஆறு அங்குலம் குறைந்த வாசல்

“நாலு நிமிஷத்துல தியேட்டர்ல இருக்கணும், இல்லன்னா ஆள் தங்க மாட்டார்! தள்ளுங்க, தள்ளுங்க!”

தலைமை நர்ஸ் போட்ட சத்தத்தில் ஸ்ட்ரெச்சர் நீண்ட நடைவழியில் பறந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்தவரின் ஒரு கை வெளியே தொங்கி ஆடியது.

பின்னால் பருமனான ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். படுத்திருந்தவரின் முகத்தைப் பார்க்காமல் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“நீங்க யாரு, இவருக்குச் சொந்தமா?”

“இல்லீங்க சிஸ்டர், சேர்ந்து தொழில் பண்றோம்.”

“அப்ப ஓரமா வாங்க. சலைன் குழாயை மிதிச்சுடாதீங்க.”

ஆபரேஷன் தியேட்டருக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். தள்ளுபவர் திருப்பினார். ஸ்ட்ரெச்சரின் மூலை இடித்ததில் சுவர் ஒரு முறை நடுங்கி நின்றது.

“பார்த்துண்ணே! நேராப் பிடிங்க.”

“நான் நேராத்தாம்மா பிடிச்சிருக்கேன். வாசல்தான் வழிவிட மாட்டேங்குது.”

இரண்டாவது முறை ஸ்ட்ரெச்சர் பாதி நுழைந்தது. சலைன் கம்பி கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. கம்பியைப் பிடித்திருந்த தலைமை நர்ஸ், நிலைக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் வசமாகச் சிக்கிக்கொண்டார்.

“எந்த மகராசன் இந்த வாசலை வரைஞ்சானோ! ஸ்ட்ரெச்சர் தனியா நடந்து போகும்னு நினைச்சுட்டானா? கூட ஒரு ஆள் வர வேண்டாமா?”

படுத்திருந்தவர் முனகினார்.

“நீங்க அசையாதீங்க சார், தெம்பு போயிடும்” என்றார் நர்ஸ். “போன ஆஸ்பத்திரியிலயும் இதே கூத்துதான். திறப்பு விழா முடிஞ்ச மறுநாளே சுவரை இடிச்சோம். கேட்டா, வரைஞ்சவர் கட்டினவரைக் கைகாட்டினார், கட்டினவர் வரைஞ்சவரைக் கைகாட்டினார். இந்தத் தடவைதான் ரெண்டு வேலையையும் ஒரே கம்பெனிகிட்ட கொடுத்திருக்காங்க. அந்த ஆளுங்க மட்டும் என் கையில கிடைக்கட்டும்!”

முனகல் இன்னும் பலமாகக் கேட்டது. பருமனானவர் இருமியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது முறை, கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டு, ஒரு வழியாக நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போய்ச் சேர்ந்தார்.

“எவ்வளவு ஆச்சு?”

பருமனானவர் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஓடுகிறதா என்று காதில் வைத்தும் பார்த்தார்.

“ஆறு நிமிஷம், பத்து வினாடி.”

நர்ஸ் கம்பியைக் கீழே வைத்தார். போர்வையை இழுத்துப் படுத்திருந்தவரின் முகத்தை மூடினார்.

“அவ்வளவுதான். ஆள் போயிட்டார்.”

தள்ளுபவர் தலையைக் குனிந்துகொண்டார்.

போர்வை மெல்ல விலகியது. செத்துப்போனவர் எழுந்து உட்கார்ந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

“அந்த மகராசன் நான்தான் சிஸ்டர். ஸ்ட்ரெச்சரை அளந்தேன், உங்களை அளக்காம விட்டுட்டேன்.” பிறகு பருமனானவர் பக்கம் திரும்பினார்.

“யோவ் கான்ட்ராக்டர், கத்தியை எடு. ஒத்திகைக்கு நிறுத்தின அட்டைச் சுவர்தானே, ஆறு அங்குலம் வெட்டிப் பார்ப்போம். அஸ்திவாரமே நாளைக்குத்தானே தோண்டப் போறோம்!”