குருவி தைத்த இரண்டு இலைகள்

கொல்லையில் நின்ற வாதாங்கன்றின் இரண்டு இலைகளை ஒரு தையல்சிட்டு சேர்த்துத் தைத்தது. அலகால் விளிம்பில் ஓட்டை போட்டு, பஞ்சு இழையை நுழைத்து இழுத்தது.

“இனி உன்னோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கணுமா?” என்று மேல் இலை சலித்துக்கொண்டது.

“நான் மட்டும் ஆசைப்பட்டா கேட்டேன்?” என்றது மூத்ததான கீழ் இலை.

உள்ளே கூடு வந்தது. மூன்று குஞ்சுகள் வந்தன. தாய்க்குருவி வாலைத் தூக்கிக்கொண்டு அதட்டினால் மூன்றும் கப்சிப். பிறகு ஒருநாள் இரண்டு குஞ்சுகள் பறந்தன. கடைக்குட்டி மட்டும் இலை விளிம்பைப் பற்றிக்கொண்டு அரைநாள் பயந்து நின்றது. கடைசியில் அதுவும் போனது. தையல் மட்டும் மிஞ்சியது.

சில மாதங்களில் கீழ் இலை சிவந்துவிட்டது.

“அக்கா, காத்து வருது. கெட்டியா பிடிச்சுக்க.”

“காம்புல பிடி இல்லடி.”

காம்பு விட்டது. ஆனால் கீழ் இலை விழவில்லை; இழையில் தொங்கியது.

“உனக்குப் பாரம். என்னை உதறிவிட்டுடு.”

“சும்மா தொங்கு அக்கா,” என்றது மேல் இலை. “கடைக்குட்டி பயந்துபோய்ப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சே, அது உன் விளிம்பா, என் விளிம்பா? முதல்ல அதைச் சொல்லு.”