சிறுநீரகத்தின் நீள்வெட்டுத் தோற்றம்

ஸ்டான்லியின் இயர்போன் இன்றைக்குப் பார்த்துத்தானா செத்துப்போக வேண்டும்?

வலது காதிலும் கேட்கவில்லை, இடது காதிலும் கேட்கவில்லை. வயரை முறுக்கிப் பார்த்தான். முனையில் ஊதிப் பார்த்தான். எதிர் மேசையில் லிடியா, அந்த வயர் மட்டும் உயிர்பிழைத்தால் அந்தோணியாருக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி என்று நேர்ந்துகொண்டாள்.

அந்தோணியார் அன்று வேறு வேலையாக இருந்தார்.

“ஸ்பீக்கர்லயே போடு தம்பி. செத்த நேரம் நானும் கேக்குறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் இருதயநாதன் சார்.



பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பிரியாணிக் கடை மாடியில், அவர்கள் மூன்று பேர்தான் ஆபீஸ். கண் தெரியாத பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கேட்டுப் படிக்கிற மாதிரி பள்ளிக்கூடப் பாடங்களைத் தயார்செய்வது வேலை. பாடத்தில் வருகிற ஒவ்வொரு படத்துக்கும் லிடியா விளக்கம் எழுதுவாள். திரையைப் பார்க்கிறவர்களுக்குப் படம் மட்டும் தெரியும். அவள் எழுதியது படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கம்ப்யூட்டர் வாசித்தால் காதில் மட்டும் விழும்.

அதைக் கேட்டுக் குறை சொல்வது ஸ்டான்லியின் வேலை. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவன். எரியோட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவன். லிடியா விளக்கத்தில் கொஞ்சம் சுற்றி வளைத்தாலும், “ஊரைச் சுத்தாம விஷயத்துக்கு வாங்க” என்று சிரித்துக்கொண்டே வெட்டிவிடுவான்.

அந்தச் சிரிப்பில் விழுந்தவள்தான்.

விழுந்தவள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எத்தனையோ சாயங்காலம் அவனோடு சேர்ந்து படியிறங்கியும் பஸ் நேரத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. கடைசியில் நேற்று, அவன் காதுக்கு மட்டும்தானே போகப்போகிறது என்று நம்பி, படவிளக்கத்தில் எழுதிவிட்டாள்.

இதயப் படத்தில் எழுதியிருந்தால் லட்சணமாக இருந்திருக்கும். அது போன வாரமே பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தது சிறுநீரகம்.

‘சிறுநீரகத்தின் நீள்வெட்டுத் தோற்றம். அவரை விதை வடிவம். வெளிப்பக்கம் கார்டெக்ஸ், உள்பக்கம் மெடுல்லா. பக்கத்தில் லிடியா நிற்கிறாள். ஸ்டான்லியைக் கட்டிக்கொள்ள அவளுக்கு ஆசை. ஸ்டான்லிக்கு?’

அவன் கேட்க வேண்டும். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். இரண்டில் எது சொன்னாலும் அந்த வரிகளை அழித்துவிட வேண்டும். அவள் போட்ட திட்டம் அவ்வளவுதான். சார் நடுவில் வந்து உட்காருவார் என்று யார் கண்டது?

ஒரே ஆறுதல், ஸ்டான்லி கேட்கிற வேகம். நாம் ஒரு வரி கேட்டு முடிப்பதற்குள் அவன் அரைப் பக்கம் கேட்டுவிடுவான். பழகாத காதுக்கு அது சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம். லிடியாவுக்கே ஒரு வார்த்தை பிடிபடாது.

ஸ்பீக்கர் வெடிக்க ஆரம்பித்தது.

அவள் ஸ்டான்லியின் திரையை எட்டிப் பார்த்தாள். எந்த இடத்தை வாசிக்கிறதோ அந்த இடத்தில் மஞ்சள் கட்டம் விழும். கட்டம் தலைப்பில் விழுந்தது. முதல் பத்தியில் விழுந்தது. இரண்டாவது பத்தியைத் தாண்டிப் பொத்தென்று சிறுநீரகத்தின் மேல் விழுந்தது.

கடுகு வெடித்து ஓய்ந்தது.

சார் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் அதே படத்தைத் திரும்பப் போட்டான். பிறகு இன்னொரு தடவை. அதற்குப் பிறகும் ஒரு தடவை. சாருக்கு முன்னால், இம்புட்டுச் சத்தமாக, லிடியாவின் ஆசை திரும்பத் திரும்ப வெடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கீழே கடையில் பிரியாணி தம் உடைத்த வாசனைக்குப் பசி வேறு எடுத்தது. வெட்கங்கெட்ட வயிறு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போது ஸ்டான்லியின் விரல் வேகத்தைக் குறைக்கிற பொத்தானை நோக்கி நகர்ந்தது.

பாவி, ஆற அமரக் கேட்கப் பார்க்கிறான்!

லிடியா இருமினாள். இருமல் போதாதென்று தண்ணீர் பாட்டிலையும் தட்டிவிட்டாள். விரல் அந்தரத்தில் நின்றது. அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

“சார், இந்தப் படத்துல ஒரு வெவரம் விட்டுப்போச்சு. நிக்கிறது ஒரு ஆளுன்னு எழுதியிருக்கு, ஆனா ரெண்டு பேரு. பக்கத்துல இன்னொருத்தனும் ரொம்ப நாளா நின்னுக்கிட்டுத்தான் இருக்கான்.”

லிடியாவுக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. மேசையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மாடியிலிருந்து மலைக்கோட்டை வரைக்கும் பறந்தே போயிருப்பாள்.

பிறகுதான் சார் ஞாபகம் வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். அங்கே பாதியாக வெட்டிய ஒரு சிறுநீரகம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்தார். ஸ்டான்லியைப் பார்த்தார். லிடியாவைப் பார்த்தார்.

“இத்தன வருஷமா இந்தச் சத்தத்துலயே உக்காந்திருக்கேன், எனக்கு மட்டும் காது பழகாதாக்கும்? மொதல்ல அந்த வரிய அழி, பிள்ளைக கேட்டா சிரிக்கும். அந்த ரெண்டாவது ஆள ஞாயித்துக்கெழம பூசை முடியவும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா. ஒங்கம்மாவுக்கு நீயே வெளக்கிச் சொல்லு.”

ஸ்டான்லி சட்டென்று எழுந்து நின்றான்.

ஆபீசுக்குள் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது, அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் வீட்டில் போட்ட சட்டம். லிடியா அன்றைக்கு முதல் தடவையாக அதை மீறினாள்.

“சரிங்கப்பா.”