முன் சக்கரத்துக் காற்று

மூன்றாவது நாளாக முன் சக்கரத்தில் காற்று இல்லை.

பெரியண்ணன் குனிந்து பார்த்தார். தானாக இறங்கிய காற்று இல்லை. வால்டியூபையே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

ராத்திரி முழுக்க லாட்ஜ் கேட்டில் காவல். காலை ஆறரைக்கு டூட்டி முடியும். வீட்டுக்குப் போனதும் இரண்டு வாய் கஞ்சி, உடனே எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போயாக வேண்டும். சைக்கிள் இருந்தால் வீட்டுக்குப் போகும் கொட்டச்சேட்டுப் பாதையில் பெரும்பாலும் இறக்கம், மிதிக்கக்கூட வேண்டாம். இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம் உருட்ட வேண்டும். ஒன்பது மணிக்கு முன்னால் சைக்கிள் கடை திறந்ததாக ஏற்காட்டில் சரித்திரமே இல்லை.

அதுவும் சாதாரண சைக்கிளா? சேலத்தில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கியது. பளபளவென்று ஒல்லி வண்டியைக் காட்டிய கடைக்காரரிடம், "மினுக்கறதுக்கில்லீங்க, தினமும் வேலைக்குப் போறதுக்கு" என்று சொல்லி, கம்பி பிரேக், முழுச் செயின்கவர், அரிசி மூட்டை தாங்கும் கேரியர் என்று பார்த்துப் பார்த்து எடுத்தார். ஞாயிறு தவறாமல் செயினுக்கு எண்ணெய் விடுவார். பிரேக் கட்டையைத் தேயும் முன்பே மாற்றிவிடுவார். "பெத்த புள்ளையக்கூட இப்படிப் பாக்கலீங்க நீங்க" என்பாள் மனைவி காளியாயி. அது பொய்யும் இல்லை.

அப்பேர்ப்பட்ட வண்டியில் கை வைத்தது யார்?

பெரியண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. லாட்ஜில் கூட்டிப் பெருக்கும் சாந்தாமேரிதான்.

போன வாரம் பலாமரத்து வளைவில் அவர் இறங்கிக்கொண்டிருந்தபோது, எதிரே வேலைக்கு நடந்து வந்தவள் பேயைக் கண்டது போலக் கத்தினாள். திடுக்கிட்டு பிரேக் பிடித்தார். ஓரத்துக் கல்லில் முட்டி வண்டி நின்றது. கொஞ்சம் விட்டிருந்தால் அவள் போட்ட கூச்சலில் பள்ளத்தில் போயிருப்பார்.

மறுநாள் அவளே வந்து, "ஏனுங்ண்ணா, அந்த வண்டி உங்களுக்கு ஆகாதுங்க" என்றாள்.

"நடந்து வர்றவளுக்கு வண்டியில போறவனக் கண்டா எரிச்சலாத்தான் இருக்கும்" என்று சுள்ளென்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் அவள் ஆறு மணிக்கே வேலைக்கு வர ஆரம்பித்தாள், காற்றும் இறங்க ஆரம்பித்தது.

நாலாம் நாள் விடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். கையும் களவுமாகப் பிடித்தார். மேனேஜர் தங்கராஜ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எதுக்கும்மா எடுத்தே?" என்றார் மேனேஜர்.

சாந்தாமேரி மேனேஜரைப் பார்த்தாள். பெரியண்ணனைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல?"

"தப்புத்தானுங்க."

"இன்னைக்கு வாட்ச்மேன் வண்டி. நாளைக்கு ரூமுக்கு வர்றவங்க பொருள்ல கை வைக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? இனிமே வேலைக்கு வராதே."

வேலையே போகும் என்று பெரியண்ணன் நினைக்கவில்லை. நாலு திட்டு போதும் என்றுதான் இருந்தார். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. எப்போது வீட்டுக்குப் போவோம் என்றாகிவிட்டது.

காற்றில்லாத வண்டியை அன்றும் உருட்டிக்கொண்டு போனார். முன்னால் சாந்தாமேரி சோற்றுத் தூக்குப்போசியோடு நடந்துகொண்டிருந்தாள். மனசு கேட்கவில்லை. பலாமரத்து வளைவில் எட்டிப் பிடித்தார்.

"நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணுனேன், அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்ண்ணா." முந்தானை முடிச்சை அவிழ்த்து, முந்தைய நாட்களில் எடுத்த மூன்று வால்டியூபையும் நீட்டினாள். "பத்திரமாத்தான் வச்சிருந்தனுங்க."

"அப்புறம் எதுக்கு எடுத்தே?"

அவள் ஓரத்துக் கல்லைக் காட்டினாள்.

"அன்னைக்கு இங்கதானுங்க வந்தீங்க. கை ரெண்டும் ஹேண்டில்பார்ல இருந்துச்சு. கண்ணு ரெண்டும் மூடியிருந்துச்சு. 'அண்ணா அண்ணா'ன்னு மூணு தரம் கூப்பிட்டனுங்க. அப்புறந்தான் கத்துனேன்."

பெரியண்ணன் கல்லைப் பார்த்தார். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் பனி. மூன்று தரம் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவே இல்லையே! ராத்திரி காவல், பகல் மிளகு என்று எத்தனை வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை? கணக்கு வரவில்லை.

"பிரேக்கெல்லாம் நொம்ப நல்லாத்தானே வச்சிருக்கறேன்" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"பிரேக்கு நல்லாத்தானுங்க இருக்குது. பிடிக்கறவரு முழிச்சிருக்கோணுமில்லீங்க? உருட்டிக்கிட்டு நடந்தா கண்ணு சொக்காது. சொன்னா நீங்க கேக்கற ஆளா? அதான் புடுங்கி வச்சனுங்க."

"அட, இத மேனேஜர்கிட்டச் சொல்லியிருந்தா உன்னோட வேலை போயிருக்காதே!"

"என்னன்னுங்க சொல்றது? வாட்ச்மேன் தூங்கிக்கிட்டே சைக்கிள் ஓட்டறாருன்னா? அடுத்த நிமிசம் உங்க வேலை போயிருக்குமுங்களே."

பெரியண்ணன் வால்டியூபுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு வண்டியைத் திருப்பினார். லாட்ஜ் வரைக்கும் ஒரே ஏற்றம்.

"எங்கீங்ண்ணா போறீங்க?"

"தூங்குனது யாருன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிப்போட்டு வர்றேன்."