கீழ்வீட்டு ஜன்னல் வயர்

கரண்ட் போய் இரண்டாவது நாள். டிவி இல்லை, வேறு பொழுதுபோக்கும் இல்லை. ஷிமெலிஸ் விவகாரத்தையாவது பேசி முடித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடியிருப்பு முற்றத்தில் கூட்டம் போட்டார்கள்.

நடுவில் கரி அடுப்பு, அதன் மேல் காபிக் கூஜா. அடிஸ் அபாபாவில் காபி இல்லாமல் ஒருவரைத் திட்டக்கூட முடியாது. வழக்கம்போல் மூன்று சுற்று. மூன்றாவது சுற்றுக்குள் முடிவு சொல்லிவிடுவதாகச் சங்கத் தலைவர் கெப்ரெயெஸ் அறிவித்தார்.

மூன்றாவது மாடி ஷிமெலிஸ் ஒரு கட்டட இன்ஜினியர். போன வருஷம் மின்சாரக் கார் வாங்கினார். சீனாவிலிருந்து வந்த வண்டி. கதவைத் திறந்தால் சீன மொழியில் ஏதோ சொல்லும். அது வணக்கமா வசவா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

இனி பெட்ரோல் வரிசையில் நிற்க வேண்டாம் என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். அதற்குப் பதிலாக சார்ஜ் போடும் இடத்தில் வரிசை. முன்னால் பத்து வண்டி நிற்கும். மனிதர் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்குவார், பின்னாலிருப்பவன் ஹாரன் அடித்தால் எழுந்து ஒரு வண்டி தூரம் நகர்த்துவார், மறுபடியும் தூங்குவார்.

அதில் யாருக்கும் வருத்தமில்லை. வருத்தம் வேறு.

மூன்றாவது மாடியிலிருந்து வயர் இறக்க வழியில்லை. ஆனால் கீழ்வீட்டு அஸ்கலெச் அக்காவின் சமையலறை ஜன்னலுக்கும் ஷிமெலிஸின் காருக்கும் நடுவில் ஒரு தடித்த கறுப்பு வயர் கிடப்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதுவும் கரண்ட் போன நாட்களில் தவறாமல் கிடக்கும்.

"கரண்ட் திரும்பி வந்த நிமிஷமே மொத ஆளா உறிஞ்சணும். அதுக்குத்தான் முன்கூட்டியே சொருகி வெச்சுக் காத்துட்டிருக்கான்," என்றார் கெப்ரெயெஸ்.

அஸ்கலெச் அக்கா கணவனை இழந்தவர். அகலமான மின்சாரக் கல்லில், புளித்த மாவில் பெரிய தோசை போல இஞ்ஜெரா சுட்டு வீடு வீடாகக் கொடுத்து, இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்கு அவர் சுட்டதுதான் சாப்பாடு. அந்த ஏழையின் மீட்டரிலா இவர் கார் ஓட்டுவது என்று எல்லோருக்கும் கோபம்.

காபி ஊற்றிக்கொண்டிருந்த யெஷி தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்த்தாள். கரண்ட் இல்லாத நாட்களில் இவர் காரைத் தொடுவதே இல்லையாம். நீல மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறாராம்.

"சார்ஜ் கொறஞ்சிடுமேன்னு பயம். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷிமெலிஸ் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் இரண்டு முறை கேட்ட பிறகு, காரை வெளியே ரோட்டில் நிறுத்திக்கொள்கிறேன் என்றார்.

ரோட்டில் நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டும் காணாமல் போகும். அது தெரிந்தும் சம்மதித்தார். மத்தியானம் வரைக்கும் மட்டும் வண்டி இங்கே நிற்கட்டும் என்று கேட்டார்.

"பாத்தீங்களா, அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் உறிஞ்சணுமாம்," என்றார் கெப்ரெயெஸ். கார் இப்போதே வெளியே போக வேண்டும் என்பது முடிவாயிற்று. காவலாளி கேட்டைத் திறக்கப் போனார்.

மூன்றாவது சுற்றுக் காபி ஊற்றும்போது அஸ்கலெச் அக்கா பெரிய தட்டோடு வெளியே வந்தார். தட்டு நிறைய இஞ்ஜெரா, நடுவில் கடலைமாவுக் குழம்பு.

தலைவர் அவரைப் பார்த்து, உனக்காகத்தானம்மா இவ்வளவும் பேசினோம், நீ வாயில்லாப் பூச்சி என்றார்.

அக்கா தட்டை நடுவில் வைத்தார். ஒரு துண்டு பிய்த்து, குழம்பில் தோய்த்து, உருட்டி, தலைவரின் வாய்க்கு நேரே நீட்டினார். எங்கள் ஊரில் ஊட்டிவிட வந்த கையை யாரும் தள்ள முடியாது. பாசம் எவ்வளவோ உருண்டையும் அவ்வளவு பெரிதாக இருக்கும். இந்த உருண்டையில் பாசம் கொஞ்சம் அதிகம். தலைவருக்கு வாயை மூட முடியவில்லை.

"நல்லா இருக்கா ஐயா?"

கெப்ரெயெஸ் தலையாட்டினார்.

"இப்ப சுட்டது. இன்னும் சூடு ஆறல. உள்ள கல்லு காஞ்சிட்டிருக்கு, ஒரு குண்டான் மாவு பாக்கி."

அதற்குள் மற்றவர்களும் ஆளுக்கொரு துண்டு பிய்த்திருந்தார்கள். கைகள் பாதி வழியில் நின்றன.

"அக்கா, வேணாம்," என்றார் ஷிமெலிஸ்.

"சும்மா இருங்க தம்பி. முந்தியெல்லாம் கரண்ட் போனா மாவு புளிச்சுப் போகும், அழுதுகிட்டே சாக்கடையில கொட்டுவேன். ஒரு வருஷமா ஒரு கரண்டி மாவு கொட்டல. வெளிய சொல்லாதீங்க, சொன்னா ஆளுக்கொரு வயரோட வந்து நிப்பாங்கன்னு இவர் கேட்டுக்கிட்டாரு. அதனால வாய மூடிட்டிருந்தேன்."

கெப்ரெயெஸ் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அந்தக் கறுப்பு வயரைப் பார்த்தார். அக்கா இன்னொரு உருண்டை உருட்டினார். இந்த முறை யெஷியின் பக்கம் நீட்டினார்.

"இவர் வண்டியில இருந்த கரண்டெல்லாம் இப்ப உங்க வாயில இருக்கு. அதனாலதான்மா நாளைக்கும் இவர் மினி பஸ்ல தொங்கப் போறாரு."