கண் எரியும் ஷாம்பு

"சாப்பாட்டுல முடி, தலையணையில முடி, மடிச்சு வச்ச துணியில முடி! இவ முடியைப் பொறுக்கிப் பொறுக்கியே என் இடுப்பு ஒடிஞ்சிடும் போலிருக்கு. முடி கொட்டாம இருக்க ஒரு ஷாம்பு குடுங்க தம்பி!"

மருந்துக்கடையே திரும்பிப் பார்த்தது.

மாமியார் பையை வைத்த வேகத்தில் கவுண்டர் மேலிருந்த மிட்டாய் ஜாடி ஆடி நின்றது. அவள் முதுகுக்குப் பின்னால், தலையை ஷாலால் மூடியபடி மருமகள். நிமிரவே இல்லை.

கடைக்காரருக்கு அந்தத் தெருவில் 'லேபிள்' என்று பெயர். பாட்டிலில் அச்சடித்திருப்பதை வரி விடாமல் படித்துக் காட்டாமல் எதையும் விற்க மாட்டார். தலை மட்டும் பளபளவென்று வழுக்கை.

"போன தடவை இதே கடையில வாங்கினோம். மூணு நிமிஷத்துல அலசணும்னு போட்டிருக்கு. மூணு நிமிஷத்துல என்ன கிழிக்கும்? ரொம்ப நேரம் தலையில வச்சிருக்கிற மாதிரி ஒண்ணு பார்த்து எடுங்க" என்றாள் மாமியார்.

லேபிள் ஒரு பாட்டிலை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இங்கே பாருங்கம்மா. இது கீட்டோகோனசோல். பொடுகுக் கிருமியைக் கொல்லும், அரிப்பைக் குறைக்கும். இது காஃபின். முடி வேரைத் தட்டி எழுப்பும்னு சொல்றாங்க. எல்லார் தலையிலயும் எழுந்துக்கிறதில்ல." அவர் கை தானாகத் தன் தலையைத் தடவியது. "அப்புறம் பயோட்டின்னு ஒரு வைட்டமின், பெரிசாப் போட்டிருக்கு. தண்ணி ஊத்தினதும் அது நேரா சாக்கடைக்குப் போயிடும். நியாயமாப் பார்த்தா சாக்கடைக்குத்தான் முடி முளைக்கணும்."

இருமல் மருந்துக்காக நின்றிருந்த பெரியவர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை.

"திடீர்னு கொத்துக் கொத்தாக் கொட்டுதுன்னா காரணம் வேற இருக்கும்மா. ரெண்டு மூணு மாசம் முன்னாடி கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம்…"

மருமகளின் விரல்கள் ஷாலின் நுனியை இறுக்கின.

"அதெல்லாம் இப்ப யார் கேட்டா?" என்று வெட்டினாள் மாமியார். "ஏய், நீ போய் வெளியில பெஞ்சுல உட்காரு. இங்கேயும் உதிர்த்து வைக்காதே. கடையை அவர் கூட்டவா, வியாபாரம் பார்க்கவா?"

மருமகள் வெளியே போனாள். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது.

"நாக்கா அது, பிளேடா?" என்று முனகிய பெரியவர், மருந்தை வாங்கிக்கொண்டு கதவருகில் திரும்பினார். "லேபிள் சார், வாய்க்கு ஏதாவது மாத்திரை இருந்தா இந்தம்மாவுக்கு ரெண்டு குடுங்க!"

அவர் போனதும் லேபிள் பாட்டிலை அலமாரியிலேயே திருப்பி வைத்தார்.

"இதை நான் விக்க மாட்டேம்மா. அந்தப் பொண்ணுக்கு ஷாம்பு தேவையில்ல. உடம்போ மனசோ பலமா அடி வாங்கினா முடி வேர் ஓய்வெடுக்கப் போயிடும். கொஞ்ச மாசம் கழிச்சுத்தான் கொட்டும். அப்புறம் பெரும்பாலும் தானா முளைச்சிடும். நீங்க திட்டாம இருந்தீங்கன்னா அதுவே பெரிய மருந்து."

"தெரியும் தம்பி. டாக்டரும் அதையேதான் சொன்னார்."

லேபிள் அவளை நிமிர்ந்து பார்த்தார். இது வேறு குரல்.

"பிறந்த குழந்தை வீட்டுக்கு வரல. ஆஸ்பத்திரியிலேயே போயிடுச்சு. அன்னையிலேர்ந்து இவ ஒரு சொட்டு அழல. ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசினா எழுந்து போயிடுறா. தொட வந்தா கையைத் தட்டி விடுறா. 'என்னைப் பார்த்துப் பாவப்படாதீங்க அத்தை'ங்கிறா. திட்டினா மட்டும்தான் பக்கத்துல நிக்கிறா. அதான் திட்டிக்கிட்டே கிடக்கேன்."

வெளியே பெஞ்சில் மருமகள் தன் தோளில் கிடந்த முடிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை, 'முடியைக் கொட்டி என் உசுரை வாங்காதே, வா'ன்னு அதட்டி உட்கார வச்சு நானே ஷாம்பு தேய்ச்சேன். நுரை கண்ணுல பட்டு எரியுதுன்னா. கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்படியே அழ ஆரம்பிச்சா தம்பி. தோள் குலுங்கக் குலுங்க. நானும் நிறுத்தாம தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். திடீர்னு, 'மூணு நிமிஷம் ஆச்சு, அலசுங்க அத்தை'ன்னு எழுந்துட்டா."

மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"பாதி அழுகையில எழுந்துட்டா. நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னாக் கேப்பா. கொஞ்சம் அதிக நேரம் வைக்கணும்னு சொல்லுங்களேன்."

லேபிள் அலமாரியில் வைத்த பாட்டிலை மறுபடி எடுத்தார். கையிலிருந்த பாட்டிலின் லேபிளை ஒருமுறை முழுதாகப் படித்தார்.

"மருந்து போட்ட ஷாம்புவை அவ்வளவு நேரம் வச்சா தோல் காய்ஞ்சு போயிடும்மா" என்றவர், கீழ்த்தட்டில் குனிந்து வேறொன்றை எடுத்தார். மருந்து எதுவும் இல்லாத, சாதுவான ஷாம்பு. மருந்து வேளை எழுதி ஒட்டும் வெள்ளைத் தாளைக் கிழித்து அதன் முகப்பில் அழுத்தி ஒட்டினார். பிறகு அவரே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"இதைப் பாரு தங்கச்சி. தலையில போட்டா அரை மணி நேரம் அலசக் கூடாது. நீயாத் தேய்ச்சுக்கக் கூடாது, உங்க அத்தைதான் தேய்ச்சு விடணும். கண் ரொம்ப எரியும். எவ்வளவு தண்ணி வந்தாலும் வரட்டும். நடுவுல எழுந்திருக்காதே."

மருமகள் பாட்டிலை வாங்கிக்கொண்டு மெல்லத் தலையாட்டினாள்.

அந்த வெள்ளைத் தாளுக்கு அடியில் 'கண் எரியாது' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது.